உழைப்பாளர் கட்சியும் ஒரு மாணவன் சிலையும்

சென்ற இதழில் 1938 இந்தி எதிர்ப்பு மறியல்களைப் பார்த்தோம். இந்த வாரம் தென்னார்க்காடு.

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான். தனிப் பெரும்பான்மை இல்லை. கடலூர்க்காரர் எஸ்.எஸ்.இராமசாமிப் படையாட்சியார் முந்தைய ஆண்டுதான் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. வடார்க்காட்டில் மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. இரண்டு கட்சிகளின் பெயரிலும் சாதி கிடையாது. ஆனால் பலம் முழுக்க வன்னியர் பலம் என்பது ஊரறிந்த சங்கதி.

தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆதரவு என்று அறிவித்தது. உழைப்பாளர் கட்சி ஏற்றது. கழகத்துப் பேச்சாளர்கள் அதற்காகத் தொண்டை வறள மேடையேறினார்கள். பிறகு நடந்தது வேறு. ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலர் சேர்ந்தார். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் படையாட்சியாரும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

இதைத் துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடமும் அரசு வேலையும் எட்டாத ஒரு சமூகத்துக்கு, கையில் வரும் மந்திரி பதவி பெரிதா, என்றோ வரப்போகும் திராவிட நாடு பெரிதா? அவர்கள் போட்ட கணக்கு தெளிவானது.

கழகமும் கணக்குப் போட்டது. அடுத்தவர் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு அலைவதை விட்டு, 1957-இல் தானே களத்தில் இறங்கி 15 இடம், 1962-இல் 50 இடம் வென்றது. 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்ததும் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. மிஞ்சிய பெரிய ஆயுதம் மொழி. அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டுத் தவணை 1965 ஜனவரி 26-இல் முடிந்தது. அன்று முதல் இந்திதான் ஆட்சிமொழி. ஆங்கிலம் துணைக்குத் தொடரலாம், அவ்வளவே. இந்தியா என்ற கணக்கில் பார்த்தால் தமிழ் சிறுபான்மை மொழி. தமிழ் ஓரங்கட்டப்படும் என்ற அச்சம் பொய்யானதல்ல.

மறுநாள், ஜனவரி 27. சிதம்பரத்தில் ஊருக்கும் அண்ணாமலை நகருக்கும் இடையே தண்டவாளம் ஓடுகிறது. அங்கே 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விடுதிகளால் ஆன ஊர். பல மாவட்டத்துப் பையன்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே தாழ்வாரத்தில் படுத்து, விடிய விடிய அரசியல் பேசிய இடம். தி.மு.க. தலைவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்துக் கிளம்பியது அங்கிருந்துதான். அன்று மாணவர்கள் இந்தியை எதிர்த்து ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். போலீஸ் மறித்தது, துப்பாக்கி வெடித்தது. இராசேந்திரன் என்ற மாணவர் குண்டு பாய்ந்து இறந்தார். அவர் தென்னார்க்காட்டுக்காரர் அல்ல, சிவகங்கைப் பக்கம். எந்தச் சாதி என்று அன்று சிதம்பரத்தில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணாமலை நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1967-இல் காங்கிரஸ் கவிழ்ந்தது. விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் மாணவர் தலைவர் சீனிவாசன். 1952-இல் சாதியாகப் பிரிந்து நின்ற வட மாவட்டங்களுக்கு மொழி ஒரு பொதுப் பந்தல் போட்டது.

கடல் தாண்டிப் பாருங்கள், இதே மொழி அரசியல் வேறு வேலை செய்தது. 1956-இல் இலங்கையில் பண்டாரநாயக்கா 'சிங்களம் மட்டும்' என்றார். சிங்களமும் தமிழும் சம உரிமை என்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சியும், ஓட்டுக்குப் பயந்து, களனி மாநாட்டில் அதே கோஷத்துக்கு மாறியது. பெரும்பான்மையை யார் அதிகம் குஷிப்படுத்துவது என்று இரண்டு கட்சிகள் போட்டி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த ஐம்பது ஆண்டு சாட்சி.

இங்கே பந்தலுக்கு அடியில் சாதி உயிரோடுதான் இருந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல், 1989-இல் அதிலிருந்து பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க.). 1999-இல் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் பா.ம.க.வின் பொன்னுசாமியும் தலித் தலைவர் திருமாவளவனும் மோதியபோது தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஐந்தே ஆண்டில் பா.ம.க. நிறுவனர் ராமதாசும் திருமாவளவனும் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்ற பெயரில் ஒரே மேடையில் உட்கார்ந்து, சினிமாவுக்குத் தமிழில் பெயர் வை என்றார்கள்! 2006-இல் தமிழ்ப் பெயருள்ள படங்களுக்கு வரிவிலக்கும் வந்தது. 2009-இல் அதே சிதம்பரத்தில் பொன்னுசாமியைத் திருமாவளவன் தோற்கடித்தார். மேடைப் பழக்கம் ஓட்டுப்பெட்டி வரைக்கும் வரவில்லை.

இந்தப் பந்தலில் இலை போடாமல் விடப்பட்டவர்களும் உண்டு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 88 சதவீதம். தெலுங்கர் 6 சதவீதத்தை ஒட்டி. வீட்டில் தெலுங்கும் வாசலில் தமிழுமாக வாழும் குடும்பங்கள் கடலூர், பண்ருட்டிப் பக்கமே இருக்கின்றன. அவர்கள் திராவிடக் கட்சிகளிலேயே இடம் பிடித்துக்கொண்டதால் தெலுங்குக்கென்று பெரிய கட்சி இங்கு வளரவில்லை. அதனால் அவர்கள் மொழிக்குப் பேரம் பேச ஆளும் இல்லை. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது, சிறுபான்மை மொழிப் பள்ளிகள் போய் நின்ற இடம் நீதிமன்றம்தான். டெல்லியிடம் நாம் கேட்ட நியாயத்தை அவர்கள் நம்மிடம் கேட்டார்கள். அந்த வழக்குகளை அடுத்த இதழில் பார்ப்போம்.