முகம்மது அலியின் வாகை எது?

புறநானூற்றின் 85ஆம் பாடலில் ஒரு மற்போர் விவாதம் நிகழ்கிறது. ஆமூர் மல்லனை வென்றவன் என்று சாத்தந்தையாரால் பாடப்பெற்ற போர்வைக்கோப்பெருநற்கிள்ளிதான் அதன் பொருள். வெற்றி அவனுடையதே என்கின்றனர் ஒரு சாரார். அல்ல என்கின்றனர் மறு சாரார். நக்கண்ணையாரோ சிலம்பு ஒலிக்க ஓடி, இல்லத்தருகே பனைமரத்தைப் பற்றி நின்று, வென்றவன் அவனே என்பதைத் தாமே கண்டதாகச் சொல்லி முடிக்கிறார். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் முகம்மது அலி. அவருடைய வெற்றிகளில் தலையாயது எது என்ற வழக்கும் இன்றுவரை இரு சாராராய்ப் பிரிந்தே கிடக்கிறது.

வந்தவாசிக்காரர்களுக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை எங்கள் ஊர்ப் புறத்தே முறியடித்தது. பிளாசி பெரிதா, வந்தவாசி பெரிதா, பக்சார் பெரிதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். வென்றவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்த வெற்றி எதை மாற்றியது என்பதிலேதான் வழக்கு. அலியைப் பற்றிய விவாதமும் அவ்வாறே.

எங்கள் வீட்டில் இவ்விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் பெரியப்பா. கோரைப்பாய் வணிகம் செய்தவர். 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலி தம் பழைய நண்பரும் முன்னாள் வாகையருமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியபோது, பாய்க்கட்டுகளைக் கடையில் இறக்கிவிட்டு நேரே அரங்கிற்குப் போனவர். நான் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. வளர்ந்தபின் அவர் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “அடிச்சத விட அடி வாங்காம நழுவினதுதான்டா அழகு” என்பார்.

அலி மொத்தம் 61 தொழில்முறைப் போட்டிகளில் 56இல் வென்றவர். விவாதத்திற்கு உரியவை என்று பொதுவாக எடுக்கப்படுபவை நான்கு. முதலாவது, 1964 பிப்ரவரி 25இல் மயாமியில் சன்னி லிஸ்டனை வென்றது. அப்போது அவர் 22 வயதுக் காசியஸ் கிளே. பந்தயக்காரர்கள் அவருக்கு எதிராக ஒன்றுக்கு ஏழு கட்டியிருந்தனர். ஏழாம் சுற்றுக்கு மணியடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை. இரண்டாவது, 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே சுற்றில் வீழ்த்தியது. அலியின் கால்வீச்சும் கைவேகமும் உச்சத்தில் இருந்தது அன்றுதான் என்பர் நுணுக்கம் அறிந்தோர். ஆயினும் வில்லியம்ஸ் 1964இல் காவலர் ஒருவரால் சுடப்பட்டு, ஒரு சிறுநீரகத்தையும் இழந்து மீண்டவர். தேய்ந்துபோன எதிரியின்மேல் பெற்ற வெற்றியை முதலிடத்தில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது கின்ஷாசா, 1974 அக்டோபர் 30. எதிரே நின்ற ஜார்ஜ் ஃபோர்மன் 25 வயதினர். ஆடிய 40 போட்டிகளிலும் வென்றவர். அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃபிரேசியரையும் கென் நார்டனையும் தலைக்கு இரண்டே சுற்றுகளில் சாய்த்தவர். அலிக்கோ 32 வயது. அவர் கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கைகளால் காத்து, ஃபோர்மனை அடிக்கவிட்டார். எட்டாம் சுற்றில் ஃபோர்மனின் கைகள் கனத்தபோது வெளிப்பட்டு வீழ்த்தினார்.

நம் இலக்கணம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. முற்றுகையிடுவோர் சூடுவது உழிஞை. மதிலுள் இருந்து காப்போர் சூடுவது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாகவே கொள்கிறது. அன்று அலி சூடியது நொச்சிப் பூவே. தம் உடலையே மதிலாக்கி, முற்றுகையிட்டவன் களைக்கும்வரை காத்திருந்தார்.

நான்காவது மணிலா, 1975 அக்டோபர் 1. ஃபிரேசியருடன் நடந்த மூன்றாம் போர். இது தும்பை: தன் வலிமையே பொருளாக இருவர் எதிர்நின்று பொருவது. பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடிப்போயிருந்தன. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபுட்ச் கடைசிச் சுற்றுக்கு அவரை அனுப்ப மறுத்துவிட்டார். மரணத்தை மிக நெருங்கிய அனுபவம் அது என்று அலியே பின்னர் சொன்னார்.

இளவயதில் நான் மணிலா கட்சி. விழுப்புண் படாத நாளை வீண்நாளாக எண்ணும் மரபைப் படித்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? பெரியப்பா கின்ஷாசா கட்சி. தாம் நேரில் கண்ட ‘நழுவும் அழகு’ அதில் இல்லையே என்று நான் மடக்கினால், “அது நழுவல் இல்ல, பொறுத்தல்” என்பார்.

பிறகு பெரியப்பாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். பாய்க்கட்டைச் சுற்றி ஒரே இழுப்பில் முடிச்சிட்ட கை, தேநீர்க் குவளையைப் பிடிக்கத் திணறியது. 1984இல் அலிக்கும் அதே நோய்தான் கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3இல் மறையும்வரை அதனோடே வாழ்ந்தார். பெரியப்பா எவரிடமும் குத்து வாங்கியவரல்லர்; ஆகவே நோய்க்குக் குத்துகளே காரணம் என்று நான் அறுதியிடமாட்டேன். ஆனால் அதன்பின் மணிலாப் போட்டியின் படத்தைப் பழைய கிளர்ச்சியோடு என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் ஒரு குவளை நடுங்குவதாகவே தோன்றியது.

அப்போதுதான் கவனம் எடி ஃபுட்ச் பக்கம் திரும்பியது. மணிலாவில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த முடிவு தோற்றவர் மூலையில் எடுக்கப்பட்டது. இன்னும் மூன்று நிமிடமே மீதி என்ற நிலையில், வெற்றியைவிட ஓர் ஆளின் கண்ணும் உயிரும் பெரிது என்று ஒருவர் துணிந்தார். அலிக்கு அத்தகைய சொல் உரிய காலத்தில் எட்டவில்லை என்பதைவிட, எட்டியும் அவர் கேட்கவில்லை என்பதே பொருந்தும். 1977இல் எர்னி ஷேவர்ஸ் போட்டிக்குப்பின் அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ எச்சரித்து விலகினார். 1980 அக்டோபரில், அதாவது பெரியப்பா சென்னையில் அவரைப் பார்த்த அதே ஆண்டில், ஓய்விலிருந்து மீண்டு லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிவாங்கிய பிறகே ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார்.

ஆகவே களத்தில் தலையாயது எது என்றால், இன்று நான் பெரியப்பாவின் கட்சி. கின்ஷாசாவில் அறிவு வலிமையை வென்றது. முதுமையை நோக்கிய உடல் தன் குறையை அறிந்தே போரிட்டது.

ஆனால் வாகை என்பது களத்தோடு முடிவதா? தொல்காப்பியர் வாகையை வேந்தருக்கு மட்டும் உரியதாக்கவில்லை. அறிவர், தாபதர், பொருநர் என யாவரும் தத்தம் குற்றமற்ற கொள்கையில் மேம்படுதலே வாகை என்று விரிக்கிறார். 1967 ஏப்ரல் 28இல் வியட்நாம் போருக்கான படைச் சேர்க்கையை அலி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டால் சிறை செல்லவில்லை எனினும், 25 முதல் 28 வரையிலான பொன்னான வயதில் மூன்றரை ஆண்டுகள் களமேற முடியவில்லை. 1971 ஜூன் 28இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் அத்தண்டனையை நீக்கியது. அதற்கு மூன்றரை மாதம் முன்புதான் ஃபிரேசியரிடம் தம் முதல் தோல்வியைக் கண்டிருந்தார். களத்தில் தோற்ற ஆண்டிலேயே கொள்கையில் வென்றார். அந்த வெற்றிக்காக எதிரில் எவரும் குருதி சிந்த வேண்டியிருக்கவில்லை.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்குப் பேச்சு தெளிவாக வராது. நெடுநேரம் யோசித்து, “அது சரி. ஆனா அது குத்துச்சண்டை இல்லியே” என்றார். வழக்கு இன்னும் தீரவில்லை. அவர் இருந்திருந்தால் இன்றும் தொடர்ந்திருப்போம்.