சிலருடைய பலவீனம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் அதில் வில்லன் யார் என்று தேடுவான். தென்னாப்பிரிக்க நிறவெறியின் கதையைப் படிக்க உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் தேடினேன். கடைசியில் என் கையில் அகப்பட்டது ஒரு மனிதன் அல்ல. ஒரு தீர்மானத்தின் நடுவிலிருந்த இரண்டே வார்த்தைகள்.

முதலில் அந்தத் தேசத்துக்குக் கப்பலேறி வந்தவர்களைப் பார்ப்போம். பிரான்ஸில் 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஓடித் தப்பியவர்களில் ஏறக்குறைய 200 பேர் 1688 முதல் நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆண்ட டச்சுக் கம்பெனி அவர்களுக்கு நிலம் கொடுத்தது. பிள்ளைகளுக்கு டச்சு மொழியைக் கற்பித்தது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் பிரெஞ்சுப் பேச்சு மறைந்தது. டி வில்லியர்ஸ், மலான் என்ற குடும்பப் பெயர்கள் மட்டும் மிஞ்சின.

அதே துறைமுகத்தில் வேறு சிலரும் இறக்கப்பட்டார்கள். மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், நம்முடைய சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அவர்கள். அவர்களுடைய வம்சத்தாரும் எஜமானரின் மொழியையே பேசினார்கள். பலர் ஞானஸ்நானம் பெற்று அதே பாட்டைப் பாடி, அதே ஜெபத்தைச் சொன்னார்கள். கலந்துபோவதற்கு இதைவிட என்ன செய்யவேண்டும்?

திருவிருந்து மேஜையில்தான் சங்கடம் பிறந்தது. கறுப்பரோடு சேர்ந்து அதை வாங்கச் சில வெள்ளையர் கூசினார்கள். 1829-ல் டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னது: நிற வித்தியாசம் பாராமல் எல்லாரும் ஒன்றாகவே வாங்கவேண்டும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1857-ல், அதே பேரவை மறுபடி கூடியது. எல்லாரும் ஒரே ஆலயத்தில் கூடுவதுதான் வேதத்துக்கு உகந்தது என்று அப்போதும் ஒப்புக்கொண்டது. ஆனால், ‘சிலருடைய பலவீனம்’ காரணமாகத் திருப்பணிக்கு இடைஞ்சல் வருமானால், தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என்று அனுமதித்தது.

எவ்வளவு சாதுவான வார்த்தைகள், பாருங்கள்! பலவீனம் வெள்ளையருடையது, வெளியே போனவர்களோ மற்றவர்கள். நோயாளிக்கு இரங்குவதாக எண்ணி நோய்க்கே மெத்தை விரித்துவிட்டார்கள். 1881-ல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே ஏற்பட்டது. சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் வேதமாயிற்று. 1948-ல் அந்தச் சபையின் போதகராயிருந்த டி. எஃப். மலான் பிரதம மந்திரியானார். நிறப்பிரிவினை தேசத்தின் சட்டமாயிற்று. மலான் என்ற பெயரைக் கவனித்தீர்களா? அகதியாக வந்த குடும்பத்தின் பெயர்!

எதிர்த்தவரும் அந்தச் சபைக்குள்ளிருந்தே வந்தார். 1960-ல் ஷார்ப்வில்லில் போலீசார் 69 பேரைச் சுட்டுக் கொன்றது பேயர்ஸ் நோடே என்ற போதகரை உலுக்கிவிட்டது. எல்லா நிறத்தாரும் சேர்ந்த கிறிஸ்தவ ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவா, பிரசங்க பீடமா என்று சபை கேட்டபோது, 1963-ல் பீடத்தை விட்டு இறங்கினார். 1977 முதல் ஏழு ஆண்டுகள் அரசாங்கம் அவருடைய வாயையும் நடமாட்டத்தையும் கட்டிப்போட்டது.

1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகள் நிறப்பிரிவினைக்கு வேத நியாயம் கற்பிப்பது துர்ப்போதனை என்று அறிவித்தன. 1990-ல் ரஸ்டன்பர்க் நகரில் வெள்ளையர் சபையைச் சேர்ந்த பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் பாவத்தையும் தம் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். 1857-லிருந்து கணக்கிட்டால் 133 ஆண்டுகள்!

இந்தக் கதையைப் படித்தபின் ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பயமாயிருக்கிறது. “தப்புதான், ஆனாலும் நம்மவர்கள் மனம் நோகக்கூடாதே” என்று எந்தக் கூட்டத்திலாவது யாராவது சொன்னால், அன்று அந்த ஆலயத்தை விட்டு வெளியே நடந்தவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் மனம் நொந்ததா என்று யாரும் கேட்கவில்லை.