வாடகையில கழிச்சுக்கலாமா? 1882-லேர்ந்து வர்ற ஒரு கணக்கு

இன்னைக்கு எபிசோட் ஒரு மோட்டார்ல ஆரம்பிக்குது. திருப்பூர்ல காம்பவுண்ட் வீட்லயோ லைன் வீட்லயோ இருந்தவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்ச கதை. ஞாயித்துக்கிழமை காலையில போர் மோட்டார் காயில் எரிஞ்சு போகுது. நாலு குடும்பத்துக்கும் தண்ணி இல்ல. ஓனருக்கு போன் போட்டா, "நான் வெளியூர்ல இருக்கறனுங்க, நீங்களே பாத்து செஞ்சுருங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" அப்படின்னு சொல்வாரு. நாமளும் காயில் கட்டி, கூலி குடுத்து, அடுத்த மாசம் அஞ்சாம் தேதி குறைச்சு அனுப்புவோம். உடனே போன் வரும்: "ஏனுங்க, மீதி எப்பங்க வரும்?"

அந்த "கழிச்சுக்கலாம்"ங்கற ஒத்தை வார்த்தைக்கு ஒரு நீளமான வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல் ஸ்டாப், 1882. பிரிட்டிஷ் இந்தியாவுல சொத்து மாற்றுச் சட்டம் வருது. இன்னைக்கும் உயிரோட இருக்கிற சட்டம் இது. அதுல 108-வது பிரிவு, வாடகைக்கு விட்டவருக்கும் எடுத்தவருக்கும் என்னென்ன உரிமை, என்னென்ன கடமைன்னு பேசுது. அதோட (எஃப்) உட்பிரிவு சொல்றது இதுதான்: ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரை, நோட்டீஸ் குடுத்து நியாயமான காலம் ஆகியும் அவர் செய்யலைன்னா, குடியிருக்கிறவர் தானே செஞ்சுக்கலாம். அந்தச் செலவை வட்டியோட வாடகையில கழிச்சுக்கலாம், இல்லன்னா வேற வழியில வசூலிச்சுக்கலாம்.

வட்டியோட! 140 வருஷத்துக்கு முன்னாடி எழுதின வரி. இதை முதல் தடவை படிச்சப்போ நான் ரெண்டு தடவை செக் பண்ணேன்.

ஆனா ஒரு சின்ன கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு. "ஓனர் செய்யக் கடமைப்பட்ட" ரிப்பேருக்கு மட்டும்தான் இந்த உரிமை. எதையெல்லாம் செய்ய அவர் கடமைப்பட்டவர்னு கேட்டா, அதுக்கு அந்தச் சட்டம் பட்டியல் எதுவும் தரல. ஒப்பந்தத்துல இருக்கணும், இல்ல ஊர் வழக்கத்துல இருக்கணும். நம்ம பாஷையில சொன்னா, ஃபங்ஷன் எழுதியாச்சு, அது கூப்பிடற வேரியபிளை யாரும் டிக்ளேர் பண்ணல.

இந்த யோசனை இந்தியாவுல முளைச்சது இல்ல. ரிப்பேர் பண்றேன்னு ஒத்துக்கிட்ட ஓனர் பண்ணாம விட்டா, வாடகைப் பணத்துலேர்ந்தே அதைச் செய்யலாமான்னு இங்கிலாந்துல 1591-லயே டெய்லர் எதிர் பீல் வழக்குல பேசியிருக்காங்க. கலிஃபோர்னியாவோட 1872 சிவில் சட்டத் தொகுப்புலயும் இதே உரிமை உண்டு. அங்க ஒரு தெளிவான எல்லையும் போட்டாங்க: செலவு ஒரு மாச வாடகையைத் தாண்டக் கூடாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல வீடு கிடைக்காம வாடகை ஏறினப்போ, 1941-ல மெட்ராஸ் மாகாணத்துல வாடகைக் கட்டுப்பாடு வருது. போருக்காக வந்த உத்தரவு, போர் முடிஞ்சதும் போகல. 1946, 1949-னு சட்டமா மாறி, கடைசியா 1960-ல ஒரு முழுச் சட்டம் வந்துச்சு. பனியன் கம்பெனிங்க பெருகி, 70-கள் கடைசியில ஏற்றுமதி சூடுபிடிச்சு, வெளியூர்லேர்ந்து ஆளுங்க வந்து இறங்கினப்போ, தோட்டம் இருந்த இடத்துல வரிசையா வீடு கட்டி வாடகைக்கு விட்டாங்களே, அந்தக் காலம் முழுக்க இந்தச் சட்டம்தான் நடப்புல இருந்துச்சு.

இங்கதான் கதை சிக்கலாகுது. 1960 சட்டத்தோட 22-வது பிரிவுலயும் ரிப்பேர் இருக்கு. ஆனா நாமளா கழிக்க முடியாது. முதல்ல ஓனருக்கு நோட்டீஸ் குடுக்கணும். அவர் செய்யலைன்னா வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட மனு போடணும். அவர் விசாரிச்சு, "நீயே செஞ்சு கழிச்சுக்கோ"ன்னு உத்தரவு போடணும். ஒழுகற கூரைக்கு உத்தரவு வர்ற வரைக்கும் பக்கெட் வெச்சுட்டு உக்காந்திருக்கணும்.

உத்தரவு இல்லாம கழிச்சா? அதே சட்டத்துல 10-வது பிரிவு இருக்கு. வாடகை பாக்கி வெச்சா, வேணும்னே செஞ்ச பாக்கின்னு அதிகாரி முடிவு பண்ணினா, வீட்டைக் காலி பண்ண வைக்கலாம். நாம ரிப்பேர் செலவுன்னு நினைச்சுக் குறைச்ச பணத்தை, ஓனர் பாக்கின்னு காட்டலாம். பில்லு நம்ம கையில, கேஸு அவர் கையில.

இன்னொரு கத்தியும் தொங்கிச்சு. ஆளைக் காலி பண்ணாம செய்ய முடியாத ரிப்பேர் வேலை இருக்குன்னு சொல்லி, 14-வது பிரிவுல காலி பண்ணக் கேட்கலாம். வேலை முடிஞ்சதும் அதே ஆளுக்குத் திரும்பக் குடுக்கணும்னு சட்டம் சொன்னாலும், அதுவரைக்கும் குடும்பத்தோட எங்க போறது? ரிப்பேர் கேக்கறதே ஆபத்துன்னு ஆகுது. ஓனர்கள் பக்கமும் நியாயம் இருந்துச்சு, அதையும் சொல்லணும். கட்டுப்பாட்டுக்குள்ள வந்த வாடகையில வீட்டைப் பராமரிக்கறது கட்டுப்படி ஆகலன்னு அவங்க பல வருஷமா சொன்னாங்க. வாடகை மட்டுமே வருமானமா இருக்கிற வயசானவங்களும் அதுல உண்டு. ரெண்டு பக்கமும் செலவு பண்ண விருப்பம் இல்லாத கட்டடம் என்ன ஆகும்? பழைய பஜார் பக்கம் ஒரு நடை போனா தெரியும்.

1960 சட்டம் போய், 2017-ல நிறைவேறின புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல அமலுக்கு வந்துச்சு. பேரு ரொம்ப நீளம், நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். எனக்கு இதுல பிடிச்சது, 1882-ல விட்டுப்போன அந்தப் பட்டியலை இதுல எழுதிட்டாங்க. கட்டடத்தோட கட்டமைப்பு, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தேவைப்பட்டா குழாய் லைன் மாத்தறது, உள்ளயும் வெளியயும் வயரிங், இதெல்லாம் ஓனர் கணக்கு. டேப் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், சாக்கெட், கீசர், பூட்டு, உடைஞ்ச கண்ணாடி, இதெல்லாம் நம்ம கணக்கு. அதாவது சுவிட்ச் எரிஞ்சா நாம, சுவத்துக்குள்ள வயர் எரிஞ்சா அவர்.

ஓனர் தன் பங்கைச் செய்யலைன்னா நாம செஞ்சுட்டு வாடகையில கழிக்கலாம். ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக் கூடாது. 5,000 ரூபா வாடகை, 12,000 ரூபா வேலைன்னா, மாசம் 2,500 வீதம் அஞ்சு மாசம் ஆகும் பணம் திரும்ப. வட்டியைப் பத்திப் பேச்சே இல்ல. அந்த ஒரு விஷயத்துல 1882 தேவலை. அதே மாதிரி நாம செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டா, ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்சுக்கலாம்.

நம்ம மோட்டார்? அது பட்டியல்ல பேரோட இல்ல. நாலு வீடு பகிர்ந்துக்கற வசதிக்கு யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதிக்கணும். ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும்னு இந்தச் சட்டம் கேக்குது.

திருப்பூர்ல அங்கதான் எல்லாம் நிக்குது. ஒடிசாவுலேர்ந்தோ பீகார்லேர்ந்தோ வந்து, ஒரு ரூம்ல நாலு பேர் தங்கி, பவர் டேபிள்ல தைக்கிற பையனுக்கு ஒப்பந்தப் பேப்பர் எங்க? அட்வான்ஸ் குடுத்ததுக்கு ரசீது எங்க? "கழிச்சுக்கோ"ன்னு சொன்ன அந்த போன் கால் ஒண்ணுதான் அவன்கிட்ட இருக்கு. அதையாவது வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்குங்க. பழுதோட போட்டோ, மெக்கானிக் பில்லு, ஓனர் "சரிங்க"ன்னு போட்ட மெசேஜ், மூணையும் ஒரே சாட்ல வெச்சுக்கங்க, கழிச்ச மாசம் எவ்வளவு கழிச்சீங்கன்னு அதுக்குக் கீழயே எழுதி அனுப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல 1915 கிளாஸ்கோ போறோம். வாடகை ஏத்தினதுக்கு எதிரா மேரி பார்பர் தலைமையில பொம்பளைங்க தெருவுல இறங்கின கதை.