உராய்வைப் புறக்கணித்தல்

பௌதிகப் பாடப்புத்தகங்களில் இயக்க விதிகள் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில் வரும் கணக்குகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘உராய்வைப் புறக்கணிக்க.’ கட்டை ஒன்று சாய்தளத்தில் சறுக்குகிறது, உராய்வைப் புறக்கணிக்க. எடையற்ற கயிறு ஒன்று கப்பியின்மேல் போகிறது, உராய்வைப் புறக்கணிக்க. மாணவன் இதை ஒரு சலுகையாக எடுத்துக்கொள்கிறான். எழுத வேண்டியதில் ஒரு வரி குறைகிறது, அவ்வளவுதான். நானும் அப்படி எடுத்துக்கொண்டவன்தான். பள்ளியோடு பௌதிகத்தை விட்டுவிட்டு, ஆங்கில இலக்கியம் படித்து, வங்கிக் கவுண்டருக்கு வந்து சேர்ந்த பின்னும் இந்த வாசகம் மட்டும் மனசில் தங்கிவிட்டது. உராய்வே இல்லாத தளம் எதன்மேலும் யாரும் கட்டையை வைத்துப் பார்த்ததில்லை. அப்படியிருக்க, இல்லாத ஒன்றை வைத்து இருப்பதைக் கணக்கிடலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது? புறக்கணிக்கப்பட்டது பிறகு என்ன ஆயிற்று? இவை சரித்திரக் கேள்விகள். ஆனால் சரித்திரத்தோடு முடிந்துவிடுகிற கேள்விகள் அல்ல என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது. அரிஸ்டாட்டில் தவறாகச் சொன்னார், கலிலியோ திருத்தினார், நியூட்டன் முடித்துவைத்தார். தள்ளினால்தான் பொருள் நகரும், தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடும் என்று அரிஸ்டாட்டில் நம்பியதாகவும், இரண்டாயிரம் வருஷம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதை ஒப்புவித்ததாகவும் கதை. ஆனால் அரிஸ்டாட்டில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. ‘பௌதிக’த்தின் ஏழாம் புத்தகத்தில் அவர் கப்பல் இழுப்பதைப் பற்றிப் பேசுகிறார். பலர் சேர்ந்து ஒரு கப்பலை ஒரு தூரம் இழுக்கிறார்கள் என்பதால், அவர்களில் ஒருவன் மட்டும் இழுத்தால் அந்தத் தூரத்தில் அவனுடைய பங்குக்கு நகரும் என்று ஆகாது. அது நகராமலே இருக்கலாம் என்கிறார். தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நிலையிலிருந்து கிளப்புவதுதான் பாடு, கிளம்பிவிட்டால் ஓடும். ஒரு எல்லையைத் தாண்டும்வரை விசைக்குப் பலனே இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் அவதானிப்பு, இன்று நாம் நிலை உராய்வு என்று சொல்வதன் சரியான வர்ணனை. உராய்வு மிகுந்த உலகத்தை அவர் உள்ளபடி பார்த்தார். பார்த்ததையே இயக்கத்தின் சாரம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு.

கலிலியோ செய்தது வேறு காரியம். 1638இல் லெய்டனில் அச்சான ‘இரண்டு புதிய விஞ்ஞானங்கள்’ நூலில் தன் சாய்தளத்தை அவர் விவரிக்கிறார். சுமார் 12 முழ நீளம், அரை முழ அகலம், மூன்று விரற்கடைக் கனமுள்ள மரச்சட்டம். அதில் ஒரு விரலுக்குச் சற்று அகலமான பள்ளம். பள்ளத்தை நேராக, வழவழப்பாக இழைத்து, உட்புறம் தோல்தாள் ஒட்டியிருந்தார். அதில் கெட்டியான, நன்றாக உருட்டிய வெண்கல உருண்டை. காலத்தை அளக்க, மெல்லிய குழாய் வழியே பாத்திரத்தில் ஒழுகும் நீரைப் பிடித்து நிறுத்துப் பார்த்தார். தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது முடிவு. இவ்வளவு கரடுமுரடான சாதனங்களால் இவ்வளவு சுத்தமான விதி கிடைத்திருக்க முடியாது, எல்லாம் அவர் தலைக்குள் நடந்ததுதான் என்று அலெக்ஸாந்தர் கொய்ரே 1953இல் வாதிட்டார். 1961இல் தாமஸ் செட்டில் என்பவர் அதேமாதிரி சட்டமும் நீர்க்கடிகாரமும் வைத்துச் செய்து பார்த்து, விதி கிடைக்கும் என்று காட்டினார். ஒரு பெரிய விமர்சகரின் நேர்த்தியான தர்க்கத்தை ஒரு மரச்சட்டம் முறித்துப் போட்டது.

கவனிக்க வேண்டியது அந்தத் தோல்தாள். உராய்வைப் புறக்கணித்தல் கலிலியோவுக்கு ஒரு வாசகம் அல்ல, ஒரு உழைப்பு. இழைத்து, ஒட்டி, உருட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குறைத்துக்கொண்டே போய், குறையக் குறைய எந்தத் திசையில் உண்மை நகர்கிறது என்று பார்த்தார். கடைசிப் படியை மட்டும் மனசால் தாண்டினார்.

இதில் அவருக்கே தெரியாத ஒரு முரண் இருக்கிறது. உராய்வு உண்மையிலேயே முழுக்க இல்லாதிருந்தால் அந்த உருண்டை உருண்டிருக்காது, சறுக்கியிருக்கும். உருளவைப்பது உராய்வுதான். சறுக்கும் பொருளுக்கு இருக்கவேண்டிய முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்குதான் சமதளத்தில் உருளும் கெட்டி உருண்டைக்கு இருக்கும். பள்ளத்தில் உருண்டால் அதனினும் சற்றுக் குறையும். வர்க்க விதி இதனால் கெடவில்லை, ஏனென்றால் எல்லாத் தூரத்துக்கும் அதே பங்குதான். ஆக, விரட்டியடிக்கப்பட்டதாக நினைத்த விருந்தாளி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் தயவில்தான் சோதனையே நடந்தது.

நியூட்டனின் ‘பிரின்ஸிப்பியா’ 1687இல் வந்தது. வெளிவிசை ஒன்று மாற்றாதவரை பொருள் நின்றபடியோ நேர்கோட்டில் சீராகச் சென்றபடியோ இருக்கும் என்ற முதல் விதிக்கு அவர் காட்டும் உதாரணங்கள் எறிபொருள், சுழலும் பம்பரம், கோள்கள். மூன்றும் தரையைவிட்டு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகியவை. எறிபொருளுக்கும் பம்பரத்துக்கும் காற்றின் தடையை மறக்காமல் சொல்லிவிடுகிறார். மூட்டை இழுக்கிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுடைய உலகத்துக்கு விதிகள் பொருந்தாமல் இல்லை. ஆனால் பொருத்திக் காட்ட இன்னும் ஒரு விதி தேவைப்பட்டது.

அந்த விதி ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் துயரமான பகுதி. லியோனார்டோ டாவின்சி கட்டைகளை எடைகட்டி இழுத்துப் பார்த்து, உராய்வு எடைக்கு விகிதமானது, கட்டை படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் ஒன்றே என்று கண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் பொறியியல் பேராசிரியர் இயன் ஹட்சிங்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி இதன் முதல் குறிப்பு 1493ஐச் சேர்ந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ள ஒரு சின்னக் குறிப்பேட்டில் இருக்கிறது. லியோனார்டோ அதை அச்சிடவில்லை. 1519இல் அவர் இறந்தபின் ஏடுகள் சிதறின. மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருந்த இரண்டு ஏடுகள் தொலைந்தவை என்று கருதப்பட்டு 1960களில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. எழுதப்பட்டது, ஆனால் யாரையும் போய்த் தொடவில்லை. நிகழ்ந்தது, ஆனால் வரலாற்றில் நிகழவில்லை.

எனவே கியோம் ஆமோந்தோன் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இளமையிலேயே செவிப்புலன் போனவர். நெருப்பால் இயங்கும் சக்கரம் ஒன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தவருக்கு, இயந்திரங்களில் எவ்வளவு சக்தி உராய்வுக்குப் போகிறது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. 1699இல் பாரிஸ் விஞ்ஞான அகாதமியில் தன் முடிவுகளைச் சமர்ப்பித்தார்: செம்பு, இரும்பு, ஈயம், மரம் எதுவானாலும், பன்றிக்கொழுப்பு தடவிய நிலையில், உராய்வு அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதற்கு இதில் வேலையில்லை. முதல் பாதியை அகாதமியார் ஏற்றார்கள். இரண்டாவது பாதி அவர்களுக்கு நம்பும்படியாக இல்லை. பரப்பு அதிகமானால் உரசல் அதிகமாகத்தானே வேண்டும்? அவர்களில் ஒருவரான த லா ஹீர் தானே செய்து பார்த்து, ஆமோந்தோன் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். நம்ப மறுத்ததில் தவறில்லை. செய்து பார்த்ததுதான் பெரிது.

அடுத்த கட்டம் ஆய்லருடையது. 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் நிலை உராய்வையும் இயக்க உராய்வையும் தனித்தனியாகப் பிரித்தார். உராய்வுக் குணகத்துக்கு நாம் இன்றும் போடும் கிரேக்க எழுத்தான மியூ அவரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கியது என்று நாம் மனப்பாடம் செய்த வடிவத்தில் நியூட்டனின் இரண்டாம் விதியை இயக்கவியல் முழுவதற்கும் அடிப்படையாக வைத்துக்காட்டியதும் அவரே.

பிறகு கூலோம். ராணுவப் பொறியாளர், மார்த்தினீக் தீவில் கோட்டை கட்டப்போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1772இல் திரும்பியவர். மின்னூட்ட விதிக்காக இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1779இல் ரோஷ்ஃபோர் கப்பல்தளத்தில் அவர் உராய்வுச் சோதனைகளைத் தொடங்கினார். மேசைமேல் சின்னக் கட்டைகளை வைத்து அல்ல, கப்பல்தளத்தின் அளவிலேயே. எவ்வளவு நேரம் படிந்திருந்தால் கிளப்புவது எவ்வளவு கடினமாகிறது, வேகம் கூடினால் உராய்வு கூடுகிறதா, கயிறு எவ்வளவு விறைப்பானது என்றெல்லாம் அளந்தார். 1781இல் அகாதமியின் பரிசு, 1785இல் அச்சு. அரிஸ்டாட்டிலின் கப்பல் இரண்டாயிரம் வருஷங்களுக்குமேல் கழித்து ஒரு கப்பல்தளத்திலேயே விடை பெற்றது. பாடப்புத்தகத்தின் ‘எடையற்ற கயிறு’க்குப் பின்னால் கயிற்றின் விறைப்பை அளந்த ஒரு நோயாளி இருக்கிறார் என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

‘ஏன்’ என்ற கேள்வி மிச்சமிருந்தது. மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று சிக்குவதால் உராய்வு என்றே கூலோம் எண்ணினார். அப்படியானால் மெருகேற்றிக்கொண்டே போனால் உராய்வு மறைய வேண்டும். மறைவதில்லை. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் செய்து, 1950இல் நூலாக வந்த ஆராய்ச்சி விஷயத்தைத் திருப்பிப் போட்டது. இரண்டு பரப்புகள் தொடுவதாக நாம் காணும் இடத்தில் உண்மையில் தொடுவது மிகச்சில முகடுகள்தான். அங்கே அவை ஒட்டிக்கொள்கின்றன. எடை கூடினால் முகடுகள் நசுங்கி உண்மைத் தொடுபரப்பு அதே விகிதத்தில் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பரப்புக்கு இதில் சம்பந்தமில்லை. அகாதமியாரின் சந்தேகத்துக்குச் சமாதானம் இப்போதுதான் கிடைத்தது: உராய்வு பரப்பைப் பொறுத்ததுதான், ஆனால் நாம் பார்க்கிற பரப்பை அல்ல. உலோகங்களை முற்றிலும் சுத்தமாக்கிக் காற்றில்லாத இடத்தில் சேர்த்து அழுத்தினால் அவை நழுவுவதில்லை, ஒட்டிப்போகின்றன. கவுண்டரில் புது நோட்டுக் கட்டைப் பிரிப்பவனுக்கு வழவழப்பு என்பது நழுவுவது அல்ல என்று தெரியும்.

இனி ஒரு கணக்கு. பத்து கிலோ கட்டை தரையில் இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். 30 நியூட்டன் விசையால் பக்கவாட்டில் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? பள்ளியில் நான் 40 என்று எழுதினேன். குணகத்தைத் தரையின் எதிர்விசையான 100ஆல் பெருக்கினால் அதுதானே வரும். தவறு. தள்ளுவது 30, தடுப்பது 40 என்றால் கட்டை தள்ளுகிறவனை நோக்கியல்லவா நகர வேண்டும்! விடை 30. நிலை உராய்வுக்கு என்று ஒரு மதிப்பு கிடையாது, எல்லைதான் உண்டு. கேட்கிற அளவுக்குக் கொடுக்கும், 40 வரை. 50 நியூட்டனால் தள்ளினால் எல்லை தாண்டிவிடும், கட்டை நகரும், உராய்வு 30க்கு இறங்கும், மிஞ்சும் 20 நியூட்டன் பத்து கிலோவுக்கு வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கம் தரும்.

என் தவறு கூட்டல் கழித்தலில் இல்லை. சூத்திரத்தை உலகத்தின்மேல் வைத்துவிட்டு, உலகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காததில் இருந்தது. முதலில் கட்டையைத் தனியே வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை ஒவ்வொன்றாக அம்புக்குறியிட்டு, நகர்கிறதா இல்லையா என்று கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இந்தத் தவறை நம் விமர்சனத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன். கவிதைக்கு வெளியே தயாரான ஒரு குணகத்தைக் கொண்டுவந்து, பெருக்கி, விடையை அறிவித்துவிடுகிறோம். நான் எழுதிய கட்டுரைகளிலும் இது உண்டு. புதுக்கவிதையின் வரலாற்றைச் சொல்லும்போதும் அப்படித்தான். பாரதியின் வசன கவிதையில் புறப்பட்டு, பிச்சமூர்த்தி வழியாக ‘எழுத்து’க்கு வந்து, அங்கிருந்து நம்வரை ஒரு சாய்தளத்தில் தானே உருண்டு வந்ததுபோல் எழுதுகிறோம். 1959இல் தொடங்கிய பத்திரிகையை 1970வரை செல்லப்பா இழுத்த இழுப்பு, ஊர் ஊராகப் புத்தகச் சுமையோடு அவர் அலைந்த அலைச்சல் எல்லாம் தனி நபர் தியாகமாக ஒரு அடைப்புக்குறிக்குள் போய்விடுகின்றன. அவை வரலாற்றுக்கு வெளியே உள்ளவை அல்ல. அந்த எதிர்ப்பு இல்லாதிருந்தால் அது சறுக்கியிருக்கும், உருண்டிருக்காது.

இதற்காக, எதையும் புறக்கணிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எதையும் புறக்கணிக்காதவன் அரிஸ்டாட்டிலோடு கப்பல் கரையிலேயே நின்றுவிடுவான். விவரங்களை அடுக்கிக்கொண்டே போகும் நினைவுக் கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. கலிலியோவுக்குப் புறக்கணிக்கும் உரிமை இருந்தது. தோல்தாளை ஒட்டியவர் அவர். எதை விடுகிறோம், எவ்வளவு விடுகிறோம் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். விட்டதைத் திரும்ப எடுத்து வைக்க ஒரு ஆமோந்தோனும் கூலோமும் பிறகு வர வேண்டும். அவர்கள் எழுதியது குறிப்பேட்டில் கிடக்காமல் நாலு பேர் கைக்குப் போய்ச்சேர வேண்டும். போய்ச்சேர்ந்ததை நம்பாத ஒருவர், நம்பவில்லை என்று சொல்வதோடு நிற்காமல் தானே செய்து பார்க்க வேண்டும்.

தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் தமிழில் இடைஞ்சல் என்றே பொருள்பட்டுவிட்டது. ஆனால் தேர் வீதிமுனையில் திரும்புவது அவன் சக்கரத்தடியில் சரியான நேரத்தில் கட்டையைச் செருகுவதால்தான்.