எழுபத்திரண்டு வயதில் பத்து ஊசி

பேரப்பிள்ளைகள் பேச்சில் இப்போது 'பெப்டைடு' என்ற சொல் அடிக்கடி வருகிறது. சிறு குப்பியில் தூள் இருக்கும். நீர் விட்டுக் கரைத்துத் தோலுக்கடியில் தானே ஊசி போட்டுக்கொண்டால் முதுமை தள்ளிப்போகுமாம். குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த ஆசை புதிதல்ல. 1889-லேயே பாரீஸில் ஒரு பெரியவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

அவர் பெயர் பிரௌன்-செக்கார். 1817-ல் மொரீசியஸ் தீவில் பிறந்தவர். நம் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் கப்பலேறிப் போன அதே தீவுதான். எங்களைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு க்ளோத் பெர்னார் பெயர் நினைவிருக்கும். அந்த மேதை மறைந்ததும், 1878-ல் கொலேழ் த பிரான்ஸில் அவர் இடத்துக்கு வந்தவர் இவர். தண்டுவடக் கோளாறு ஒன்று இன்றும் இவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆகவே போலி வைத்தியர் என்று ஒதுக்கிவிட முடியாது.

நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளை நசுக்கி, காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம் சேர்த்து வடிகட்டினார். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டர் அளவு. மே 15 முதல் ஜூன் 4 வரை பத்து ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு இடக்கையில், மற்றவை கால்களில். வலி கடுமையாக இருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

ஜூன் 1 அன்று பாரீஸ் உயிரியல் கழகத்தில் எழுந்து பலனைச் சொன்னார். சோர்வு போனது, மாடிப்படி ஏற முடிகிறது என்றார். கருவி வைத்து அளந்ததில் முன்கையின் பலம் ஆறேழு கிலோ கூடியிருந்தது. ஊசியை நிறுத்திய சில வாரங்களில் பழைய தளர்ச்சி திரும்பியது. அதையும் எழுதி வைத்தார். 1894-ல் காலமானார்.

2002-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் முறைப்படியே அந்தச் சாற்றைத் தயாரித்துச் சோதித்தார்கள். அதிலிருந்த ஆண் ஹார்மோன் எந்தப் பலனும் தர முடியாத அளவுக்குக் குறைவு. அந்த ஹார்மோன் நீரில் சரியாகக் கரையாது. அப்படியானால் கூடிய பலம் எங்கிருந்து வந்தது? எதிர்பார்ப்பிலிருந்துதான். அளந்தவரும் அவரே, ஆசைப்பட்டவரும் அவரே.

ஆனால் அவர் யோசனை முழுதும் வீண் அல்ல. 1891-ல் இங்கிலாந்தில் மர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைத் தேற்றினார். அந்த அம்மாள் பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1922-ல் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். முதல் மருந்து சுத்தமாக இல்லை. அதைச் சுத்திகரித்து மறுபடி போட்டபோது இரத்தச் சர்க்கரை இறங்கியது.

நம் வயதுக்காரர்களில் பலர் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் ஒரு பெப்டைடுதான். அதன் அளவைப் பிறர் சோதித்து, பல நோயாளிகளிடம் சரிபார்த்து, பிறகுதான் நம் கையில் தந்தார்கள். அந்தத் தூள் குப்பியை யாராவது நீட்டினால், இந்தச் சோதனையெல்லாம் நடந்ததா என்று கேளுங்கள். 'போட்ட மறுநாளே தெம்பு வந்தது' என்ற பேச்சை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரௌன்-செக்காருக்கும் அப்படித்தான் வந்தது.