640 சுற்று ஒரு மைல்: சித்தூர், திருப்பதி மலைவழிகளும் தொலைவளந்த கருவிகளும்

மலைத்தடங்களில் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கும் ஆய்வுத் தோழர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டார். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட கரட்டுத் தடங்களுக்கு எந்த சைக்கிள் கம்ப்யூட்டர் பொருந்தும்? சக்கரத்தில் சென்சார் பொருத்துவதா, ஜி.பி.எஸ். மட்டும் போதுமா? ஒரே தடத்துக்கு இரண்டும் இருவேறு தொலைவு காட்டுவதே அவருடைய குழப்பம். இக்குழப்பத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அளவைச் சக்கரம் வருவதற்கு முன் இங்கே நெடுவழித் தொலைவைப் பெரிதும் உடலே அளந்தது. சொற்களே அதற்குச் சான்று. ‘நாழிகை வழி’ என்பது 24 நிமிடத்தில் நடந்து கடக்கும் தொலைவு. ‘கூப்பிடு தூரம்’ குரல் எட்டும் எல்லை. தெலுங்கில் வழங்கும் ‘கோசு’ வடமொழிக் ‘குரோச’த்தின் வழிவந்தது, அதன் வேர்ப்பொருளும் கூவுதலே. இவ்வளவைகளைத் துல்லியமற்றவை என்று ஒதுக்குவது வழக்கம். மலையேறுவோர்க்கு அவை பொய் சொல்லவில்லை என்றே நான் கருதுகிறேன். திருமலைக்கு அலிபிரிப் படிவழி ஏறத்தாழ 9 கி.மீ., 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு ஏறத்தாழ 2.1 கி.மீ., 2,388 படிகள். 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைச்சாலையோ 18 கி.மீ.க்கும் மேல். ஒரே மலைக்கு மூன்று தொலைவுகள்! இவற்றுள் எது எவ்வளவு மூச்சு வாங்கும் என்பதைக் கிலோமீட்டர் சொல்லாது. நாழிகை ஓரளவு சொல்லும்.

கும்பினி ஆட்சியின் நில அளவையாளர்கள் வழிகளை அளக்கப் பயன்படுத்திய கருவி பெராம்புலேட்டர்: கைப்பிடியும் சுற்றுகளை எண்ணும் முகப்பும் கொண்ட ஒற்றைச் சக்கரம். இங்கிலாந்தில் வழங்கிய பொதுவான வடிவின் சுற்றளவு 8¼ அடி. 640 சுற்று ஒரு மைல். இன்றைய 29 அங்குல மலைச் சைக்கிள் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். அந்தப் பழைய சக்கரம் 2.5 மீட்டர். கருவியின் அடிப்படை மட்டுமன்று, அளவுகூட அவ்வளவாக மாறவில்லை.

நல்ல சாலையில் பெராம்புலேட்டர் நம்பத்தக்கது, கரட்டில் அன்று. சரிவுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 10 பாகைச் சரிவில் சரிவுத்தொலைவு கிடைத்தொலைவைவிட 1.5 விழுக்காடுதான் மிகும். பெரும்பிழை வேறிடத்தில் இருக்கிறது: கல்லைச் சுற்றிச் செல்வது, பள்ளத்தில் இறங்கி ஏறுவது, நேர்கோட்டில் உருட்ட முடியாமல் வளைவது. சக்கரம் இவையனைத்தையும் உண்மையாகவே எண்ணிவிடுகிறது. வரைபடம் வரைபவருக்கு அவ்வுண்மை வேண்டாதது.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியதை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். அடிக்கோட்டுக்கு அப்பால் நிலத்தில் எதையும் உருட்டாமல், மலையுச்சிக்கு மலையுச்சி கோணம் பார்த்தே அவர் முன்னேறினார். சென்னையிலிருந்து மங்களூர் வரை சென்ற அம்முக்கோணத் தொடர், தீபகற்பத்தின் அகலம் ஏறத்தாழ 360 மைல் என்று காட்டியது. முந்தைய வரைபடங்கள் கொடுத்ததைவிட இது 40 மைல் குறைவு. (சித்தூரும் ஏறக்குறைய அதே அகலாங்கில்தான் இருக்கிறது.) ஆனால் லாம்டனின் முறை, நடப்பவர் எவ்வளவு நடக்க வேண்டும் என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டது. சக்கரத்தை உருட்டிச் சென்ற பணியாளரின் கால்கள் அறிந்தது அந்தத் தொலைவைத்தான்.

அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் 1895இல் காப்புரிமை பெற்ற சைக்ளோமீட்டரும், பின்னர் வந்த காந்த சென்சாரும் பெராம்புலேட்டரின் வழித்தோன்றல்களே. ஜி.பி.எஸ். லாம்டனின் வாரிசு: மலையுச்சிகளின் இடத்தில் செயற்கைக்கோள்கள், கோணத்தின் இடத்தில் சமிக்ஞை வந்துசேரும் நேரம். இந்தியாவின் நாவிக் வரிசையின் முதற்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2022இன் மறுவரையறைக்குப் பின் அவ்விடமும் திருப்பதி மாவட்டத்தில்தான் அமைகிறது. ஆனால் அடர்ந்த மரங்களுக்கடியிலும் பாறை இடுக்குகளிலும் சமிக்ஞை தெறித்துத் தடுமாறும். ஒரு நொடிக்கோ சில நொடிகளுக்கோ ஒருமுறை புள்ளியிட்டு இணைப்பதால் குறுகிய வளைவுகள் வெட்டுண்டு தொலைவு குறையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் எழும் குமிழிகள் சமிக்ஞையை நடுங்கச் செய்யும். இத்தகைய ஒழுங்கின்மைகளை ஆராயும் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், சித்தூர் - திருப்பதி வழியிலுள்ள காதங்கியின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. தோழர் அதன் அருகே பலமுறை சைக்கிளில் போயிருக்கிறார்.

எனவே தோழருக்கு என் விடை: இரண்டும் வேண்டும். வழி தவறாமலிருக்க ஜி.பி.எஸ்., ஓடிய தொலைவுக்குச் சக்கர சென்சார். ஏற்றத்தை அறிய காற்றழுத்தமானி உள்ள கருவி நல்லது. ஏறத்தாழ 8 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைகிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் வானிலையே அழுத்தத்தை மாற்றும் என்பதால், புறப்படும் இடத்தின் உயரத்தை ஒவ்வொரு முறையும் பதிந்துகொள்ள வேண்டும். சேஷாசலக் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை என்பதையும் எந்தக் கருவியும் சொல்லாது.

டயர் சுற்றளவைப் பெட்டியில் வரும் அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே 30 கி.மீ.யில் 130 மீட்டர் வேறுபடும். வழக்கமான காற்றழுத்தத்தில், சைக்கிளில் அமர்ந்தபடி, தரையில் சுண்ணாம்புக் குறியிட்டுப் பத்துச் சுற்று உருட்டி நாடாவால் அளந்து பத்தால் வகுக்கட்டும்.