ரத்தம் வேறா? மூக்கை அளந்தவர்களும் ரத்தக் குழாயை அளப்பவர்களும்

தோழர்களே, நம் திருவண்ணாமலைப் பக்கம் சாதிப் பேச்சு எழுந்தால் 'ரத்தம்' என்ற சொல் முதல் ஆளாக வந்து நிற்கும். 2023 ஜனவரியில் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடுதான் மாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. நம் ரத்தத்தில் என்ன வேறுபாடு என்று எந்த ஊரிலும் யாரும் சோதித்துப் பார்த்து வாசலை அடைக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக்கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றி மண்டையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்றார், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி. அண்ணல் அம்பேத்கர் இதை விடவில்லை. சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம்தான் என்று 1936-இல் எழுதினார். 1948-இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அதே மூக்களவுகளை எடுத்து வைத்தே கேட்டார்: பார்ப்பனர் ஆரியர் என்றால் தீண்டப்படாதவரும் ஆரியர்தானே? எதிரியின் கருவியாலேயே எதிரியை அளந்த இந்த வாதத்தை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

மூக்களவு செத்துவிட்டது. இப்போது பேச்சு நுண் ரத்தக் குழாய்களைப் பற்றியது. உடலுக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் உண்டு. அவற்றின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால் அவை விரியும், சுரப்பு குறைந்தால் இறுகும், ரத்த அழுத்தம் ஏறும். கறுப்பின மக்களின் குழாய்கள் சராசரியாகக் குறைவாக விரிகின்றன என்று அமெரிக்க ஆய்வகங்கள் 1990-களில் எழுதின. அளவு பொய்யில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் சிக்கல்.

2005-இல் 'பைடில்' என்ற இதய மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது, கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று எழுதி. அது இரண்டு பழைய மருந்துகளின் கலவை. எல்லோருக்குமான மருந்தாக 1997-இல் கேட்டபோது மறுக்கப்பட்டது. பிறகு 1,050 கறுப்பின நோயாளிகளிடம் மட்டும் சோதித்தார்கள். இறப்பு 43 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சோதனையில் வெள்ளையர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க இது கறுப்பு ரத்தத்துக்கான மருந்து என்பது எப்படித் தெரிந்தது? ஒன்று மட்டும் தெரியும்: இனத்தின் பெயரால் வாங்கிய காப்புரிமை 2007-இல் முடியாமல் 2020 வரை நீண்டது.

ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் வேறு வழியில் போனார்கள். 1997-இல் வெளியான அவர்கள் ஆய்வில் உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. ஒரே மூதாதையரின் பிள்ளைகள். கப்பலில் கடத்தப்பட்டு எங்கே இறக்கப்பட்டார்களோ, அந்த ஊரின் வாழ்க்கையும் உணவும் அவமானமும் குழாய்களில் ஏறியிருக்கின்றன.

பெண்கள் கதை இன்னும் கசப்பு. நெஞ்சு வலிக்கிறது என்று வருவார்கள். பெரிய குழாய்களில் அடைப்பு இருக்காது. மனக்கவலை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வைஸ்' ஆய்வுதான் அப்படி வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நுண்குழாய்களில் கோளாறு இருப்பதைக் காட்டியது. வலி உண்மை, பார்த்த இடம்தான் தவறு. நம் சேரிப் பெண்ணுக்கு இந்தச் சோதனை எட்டாத உயரம். இந்தியாவில் தலித் பெண்கள் உயர்த்தப்பட்ட சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்று ஐநா பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. இதற்கு மரபணுவைத் தேடுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

எங்கே தேடலாம் என்பதற்குப் பக்கத்து மைசூரில் ஒரு தடயம் இருக்கிறது. 1934 முதல் 1954 வரை ஒரு மிஷன் மருத்துவமனையில் பிறந்தவர்களின் எடைக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. அவர்களில் 517 பேரை வளர்ந்த பிறகு தேடிப் பிடித்துச் சோதித்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய். 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம். கருவிலேயே தொடங்கிய பசி, ஐம்பது வயதில் நெஞ்சில் வந்து நிற்கிறது.